பவானிக்கு எத்தனை வயது

1

ஹைதராபாத்துக்கு நாங்கள் குடிவந்து இந்த மாதத்தோடு பத்தொன்பது ஆண்டுகள் முடிகின்றன. சாத்தூரில் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் தவறாமல் கேட்பார்கள். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்பது ஒன்று. நான் அங்கே என்ன வேலைதான் பார்க்கிறேன் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு இதுவரை யாருக்கும் புரியும்படி சொன்னதில்லை.

உப்பலில் இருக்கும் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் நான் நிர்வாக அலுவலர். லிஃப்டுகளுக்கும் மின்சார மீட்டர்களுக்கும் உள்ளே வைக்கும் சர்க்யூட் பலகைகளை அங்கே செய்கிறார்கள். அறுபத்து நான்கு தொழிலாளர்கள். அவர்களில் ஐம்பது பேருக்கு மேல் பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. வருகைப் பதிவு, விடுப்பு, காப்பீடு, வயதுச் சான்று எல்லாம் அதற்குள் இருக்கும். எங்கள் பலகைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வாளரை அனுப்பும். அவர் வந்து கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதிலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பார். பதினெட்டு நிறையாத யாரும் உற்பத்திக் கூடத்துக்குள் இருக்கக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் முதல் விதி. எனவே இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: நான் இங்கே மற்றவர்களின் வயதைப் பார்த்துக்கொள்கிறேன்.

கடந்த திங்கட்கிழமை பவானி என்ற பெண்ணுக்குப் பதினெட்டு நிறைந்தது. பத்து மாதங்களாக நெஞ்சில் இருந்த ஒன்று அன்று இறங்கியது. அதை எழுதிவைக்கவே இந்தக் குறிப்புகள்.

2

பவானியின் அம்மா அமுதா எங்கள் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவள். அவளுடைய தாத்தா ரயில்வே பணிமனையில் வேலை கிடைத்து வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். அமுதா பிறந்தது இங்கே மல்காஜ்கிரியில். அவள் பேசும் தமிழில் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’வும் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’வும் ஏன் என்பதற்கு ‘கைக்கு’வும் தாராளமாக வரும். நான் சேர்ந்த புதிதில் எனக்குத் தெலுங்கில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. அமுதாதான் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பாள். நான் சொன்னதைவிட மரியாதையாகவே சொல்வாள் என்பது பிறகு தெலுங்கு கற்றுக்கொண்டதும் தெரிந்தது.

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் விடுப்பு எடுத்துச் சாத்தூர் போயிருந்தேன். திரும்பி வந்த நான்காம் நாள் ஆய்வு. கோப்புகளை வரிசைப்படுத்தும்போது புதிதாக ஒன்று இருந்தது. பெயர் பவானி, தாய் அமுதா, சால்டரிங் வரிசை, சேர்ந்து பதினாறு நாள். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், மூன்றிலும் ஒரே தேதி. வயது பத்தொன்பது ஆண்டு நான்கு மாதம். இப்படிக் குறையில்லாத கோப்பு எங்கள் அலமாரியில் அபூர்வம்.

ஆனால் அந்தத் தேதியில் நான் ஹைதராபாத்திலேயே இல்லை. அப்போது எனக்குத் திருமணம்கூட ஆகவில்லை. பவானி அமுதாவின் வயிற்றில் இருந்தபோது அவள் கைக்கு நான் வளையல் போட்டிருக்கிறேன். பேக்கிங் அறையில், அட்டைப்பெட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவளை ஸ்டூலில் உட்காரவைத்துப் பெண்கள் எல்லோரும் வரிசையாகப் போட்டோம். எனக்கும் அப்போது ஐந்தாவது மாதம். அடுத்தது உங்களுக்குத்தான் என்று சொல்லி மிச்சமிருந்த வளையல்களை என் கையில் மாட்டினார்கள்.

நான் பள்ளி நாள் முதல் நாட்குறிப்பு எழுதுகிறவள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். வளையல் போட்ட நாள் இருந்தது. பத்து வாரம் கழித்து இன்னொரு வரி: ‘அமுதாவுக்குப் பெண். இரண்டு கிலோ எண்ணூறு. மாலை ஆஸ்பத்திரி போய்ப் பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வீடு.’ அதற்கு இரண்டு மாதம் கழித்து என் மகள் யாழினி பிறந்திருக்கிறாள். யாழினிக்குப் பதினேழு. பவானிக்குப் பதினேழு ஆண்டு இரண்டு மாதம்.

3

மறுநாள் அமுதாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. மறைக்க வேண்டியதாகவே அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

எனக்குத் தெரியாத ஒரு குழந்தை இருந்திருக்கிறது. அமுதாவின் முதல் பெண். ஏழு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அதன் பெயரும் பவானிதான். அது போய் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அடுத்ததும் பெண்ணாகப் பிறந்து, மூக்கருகே அதே இடத்தில் மச்சமும் இருக்கவே, போனவள் திரும்பி வந்துவிட்டாள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தார்கள். அதே பெயரை வைத்தார்கள். பள்ளியில் சேர்க்கும்போது சான்றிதழ் கேட்டார்கள். பெட்டியில் பவானி என்ற பெயரில் ஒரு சான்றிதழ் இருந்தது. தாய் பெயரும் தகப்பன் பெயரும் சரியாக இருந்தன. கொடுத்துவிட்டாள். அப்படித்தான் நாலு வயதுக் குழந்தை ஆறு வயது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது.

“அவதானே இவ? பேர் அது, காகிதம் அது. இதுல பொய் எங்க இருக்கு அக்கா?” என்றாள் அமுதா.

பொய் இல்லை. ஆனால் இரண்டு வயது கூட இருந்தது.

அமுதாவின் கணவர் பார்சல் ஏற்றி இறக்குகிறவர். அதற்கு மூன்று மாதம் முன்பு வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. எழுந்து நடக்க இன்னும் நாளாகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பவானி இண்டர், அதாவது இங்கத்தைய பிளஸ் டூ, முடித்துவிட்டு ஓராண்டாக வீட்டில்தான் இருந்தாள். அவளாகவே வேலைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் ஊரில் இருந்ததால் மேற்பார்வையாளர் சேர்த்துக்கொண்டார்.

சால்டரிங்கில் புகை உண்டு, ஈயம் உண்டு, பதினெட்டுக்கு முன் அந்த இடத்தில் யாரையும் உட்காரவைக்கச் சட்டமும் விடாது என்றேன். அமுதா என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. பதினேழு வயதில் தான் கல்யாணமாகி மாமியார் வீட்டில் ஒன்பது பேருக்குச் சமைத்ததாகவும், அங்கேயும் புகை இருந்ததாகவும், அதைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வரவில்லை என்றும் சொன்னாள். கடைசியில், “இன்னும் பத்து மாசம். காகிதம் எல்லாம் சரியா இருக்கு. நீங்க மட்டும் ‘கைக்கு’ தோண்டுறீங்க? நக்கோ அக்கா, விட்ருங்க” என்றாள்.

நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

4

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை நானும் ஆபீசுக்குப் போனேன். பள்ளி விடுமுறைகளிலும், பள்ளி நாட்களில் காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரையிலும். கட்டை அடுக்குவது என் வேலை. குச்சிகளைச் சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். எனக்கு விரல் வேகம். இன்றும் கோப்புகளைப் புரட்டும்போது மற்றவர்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள்.

அம்மாவிடம் இதைப் பற்றி வருத்தமாகப் பேசினால் அவருக்குக் கோபம் வரும். அந்த விடுப்பில்கூட, கண்ணில் பச்சைத் துணி கட்டியபடியே சொன்னார்: “அந்த ஆபீஸ் இல்லேன்னா நீ எங்கிட்டுப் படிச்சிருப்ப? ஒன் ஃபீஸு, ஒன் பாவாடை எல்லாம் அந்தக் கட்டையிலதான வந்துச்சு.” அது உண்மை. 

வேலை எனக்குப் பெரிய துன்பமாக நினைவில் இல்லை. கை எரியும், தூக்கம் வரும், அவ்வளவுதான். நினைவில் இருப்பது வேறு. அதிகாரிகள் ஜீப்பில் வருகிறார்கள் என்று தகவல் வந்தால் எங்களைப் பின்பக்கம் பெட்டி அடுக்கும் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவார்கள். சத்தம் போடாமல் இருக்க ஆளுக்கொரு பிடி பொரிகடலை. விளையாட்டு மாதிரி இருக்கும். ஒரு முறை நான் கதவருகில் நின்றிருந்தேன். சிறு பிள்ளைகள் யாரும் வேலை செய்கிறார்களா என்று அதிகாரி கேட்பதும், கணக்குப்பிள்ளை, “இங்க அப்படி யாரும் கிடையாதுங்கய்யா” என்று சொல்வதும் கேட்டது. அன்று காலை என்னுடைய சட்டங்களை எண்ணி என் பெயருக்கு நேரே எழுதியதும் அவரேதான். வாயில் இருந்த கடலையை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன். நான் அந்த இடத்தில் இல்லை என்று ஒருவர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஆய்வு அன்று காலை யாழினியைக் கல்லூரியில் விடுவதற்காக ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டிலிருந்து ஆறு மணிக்கு ஆட்டோவில் கிளம்பினோம். அவள் இண்டர் முதலாண்டு. பொறியியல் நுழைவுத் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள். இது அவள் ஐந்தாம் வகுப்பிலிருந்து நடக்கும் ஏற்பாடு. பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் மடியிலிருந்த ஆய்வுப் படிவத்தை எடுத்துப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை. தேநீர் இடைவேளை இரண்டு. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. மேற்பார்வையாளர் மற்றவர்கள் முன்னால் திட்டக் கூடாது.

“அம்மா, ஈ ஃபார்ம் நாக்கு கூடா ஃபில் சேஸ்தாவா?” என்றாள். இதை எனக்கும் சேர்த்து நிரப்பித் தருவாயா என்று அர்த்தம்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு பேனாவை எடுத்து ஓரத்தில் அவளே நிரப்பினாள். காலை ஆறரை முதல் இரவு எட்டரை. இடைவேளை மதியம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. திட்டுவது உண்டு, மைக்கில். பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இன்னொரு பதினேழு வயதுப் பெண்ணைப் பதினான்கு மணி நேரத்துக்கு இறக்கிவிட்டு வந்தேன்.

5

ஆய்வாளர் புனேவிலிருந்து வந்த இளம்பெண். முப்பது வயது இருக்கலாம். நாள் முழுக்கக் கோப்புகளைப் பார்த்தார். சிலரைத் தனியே அழைத்து இந்தியில் பேசினார். பவானியையும் அழைத்தார். அவள் சான்றிதழில் உள்ள தேதியைத் தடுமாறாமல் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த தேதி அதுதான். அக்கா ஒருத்தி இருந்ததே அவளுக்குத் தெரியாது.

மாலை நான்கு மணிக்கு முதலாளியின் அறையில் முடிவுக் கூட்டம். தாழ்ப்பாள் ஒன்று, முதலுதவிப் பெட்டியில் காலாவதியான களிம்பு ஒன்று. வேறு குறை இல்லை. முதலாளி சமோசா வரவழைத்திருந்தார். கடைசியாக ஓர் உறுதிமொழித் தாள் என் முன்னால் வந்தது. தொழிலாளர் அனைவரும் பதினெட்டு நிறைந்தவர்கள் என நான் அறிந்தவரை உறுதி கூறுகிறேன்; கீழே என் பெயர், என் பதவி.

எல்லா ஆண்டும் போட்ட கையெழுத்துதான். பேனாவை மூடிவிட்டு, ஒருவரைப் பற்றி நான் அறிந்தது வேறு என்று சொல்லி, பையில் கொண்டுவந்திருந்த பழைய நாட்குறிப்பை மேசையில் வைத்தேன்.

முதலாளி கெட்டவர் அல்லர். கொரோனா நாட்களில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாதவர். ஆனால் அன்று அவர் முகம் போன போக்கை விவரிக்க வேண்டியதில்லை. அரசாங்கம் கொடுத்த மூன்று ஆவணங்கள் பத்தொன்பது என்கின்றன, எங்கள் அலுவலரின் டைரி பதினேழு என்கிறது, எதை நம்புவது என்று தெலுங்கில் என்னையும் ஆங்கிலத்தில் ஆய்வாளரையும் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆய்வாளர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். அதில் அவருக்குப் புரிந்தவை எண்கள் மட்டும்தான்.

நான் பயந்தது இரண்டுக்கு. ஆர்டர் போய்விடும்; பவானியை அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டும் நடக்கவில்லை. சால்டரிங்கிலிருந்து உடனே எடுக்க வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னார். ஆனால் வெளியே அனுப்பிவிட்டுக் கையைக் கழுவுவது அவர்கள் விதியிலேயே கிடையாதாம். பதினெட்டு ஆகும்வரை அவள் ஏதாவது படிக்க வேண்டும். அதுவரை சம்பளத்தை எங்கள் தொழிற்கூடம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். பதினெட்டு ஆனதும் அவள் விரும்பினால் வேலை அவளுக்கு. நாங்களே முன்வந்து சொன்னதால் இது எங்களுக்குப் பாதகமாகாது என்றும் எழுதிக்கொடுத்தார். அப்படி ஒரு விதி ஆய்வுப் படிவத்தின் பதினோராம் பக்கத்தில் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் படிக்கிறவள் என்று பெயரெடுத்த நான் அதைப் படித்ததில்லை. தேவைப்படாது என்று நினைத்திருக்கிறேன்.

ஒரே நிபந்தனை: உண்மையான பிறந்த தேதிக்கு அரசு ஆதாரம் வேண்டும். அதற்கு அமுதா வர வேண்டும்.

6

அமுதா என்னோடு பேசவில்லை. பதினைந்து நாள் ‘மேடம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். சம்பளம் நிற்காது என்று சொன்னதை அவள் நம்பவில்லை. மாத முடிவில் பவானியின் கணக்கில் பணம் ஏறிய பிறகுதான் வந்தாள். பவானியே கையைப் பிடித்து அழைத்துவந்தாள் என்பதுதான் சரி. வீட்டில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் மூன்று முறை. முதல் முறை ஆஸ்பத்திரியின் பெயர் மாறியிருந்தது, பழைய பெயரில் தேட வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை மின்சாரம் இல்லை. மூன்றாம் முறை ஓர் எழுத்தர், என் நாட்குறிப்பில் இருந்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பழைய பேரேட்டை எடுத்துவந்து பிரித்தார். விரலால் கீழே இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். தாய் அமுதா. தகப்பன் பெயர் சரி. பெண். எடை இரண்டு எட்டு. பெயருக்கான கட்டம் காலி. பதினேழு ஆண்டுகளாக யாரும் வந்து நிரப்பாத கட்டம்.

அவர் கணினியில் முதல் குழந்தையின் பதிவையும் பார்த்திருந்தார். திரையையும் பேரேட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தெலுங்கில் மெதுவாக, “இத்தரா, அம்மா?” என்று கேட்டார். இரண்டு பேரா?

அமுதா குனிந்து அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். பவானி அவள் தோளில் கை வைத்திருந்தாள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அவள் இத்தனை ஆண்டு ஒரே காகிதத்தை வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 

“ஹவ்” என்றாள். “ரெண்டு பேரு.”

எழுத்தர் காலிக் கட்டத்தில் பவானி என்று எழுதினார். மற்றப் பதிவுக்கு இறப்பையும் குறித்துக்கொள்ள விண்ணப்பம் கொடுத்தார். அமுதா அங்கேயே உட்கார்ந்து நிரப்பினாள். அழுதுகொண்டே, ஒரு கட்டமும் விடாமல்.

வெளியே வந்ததும் பவானி என்னிடம் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளியில் அவளோடு படித்தவர்கள் எல்லோரும் அவளைவிட இரண்டு வயது மூத்தவர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசி, மூன்றாம் வகுப்பில் பெருக்கல் ஏறாமல் பெஞ்சின் மேல் நின்றது, இண்டரில் ஒரு பாடத்தை இரண்டாம் முறை எழுதியது என்று வரிசையாகச் சொன்னாள். “அப்ப நான் மக்கு இல்ல” என்றாள். சொல்லிவிட்டு, சாலையில் நின்றே, வாய்விட்டுச் சிரித்தாள். அமுதாவும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். மூவரும் எதிரிலிருந்த கடையில் இட்லி சாப்பிட்டோம்.

7

பவானி அந்தப் பத்து மாதமும் மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் பயிற்சிக்குப் போனாள். மதிப்பெண் பட்டியலையும் ஆதாரையும் திருத்தும் வேலை இன்னும் முடியவில்லை. அது தனிக் கோப்பாக என் மேசையில் இருக்கிறது. அவள் அப்பா இப்போது எழுந்து நடக்கிறார். யாழினியின் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுகளை நானும் அவள் அப்பாவும் கல்லூரிக்குப் போய்ப் பேசி நிறுத்தினோம். வார நாட்களில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அதில் நான் முழுதாக வெற்றி பெற்றதாகச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பவானி என் அறைக்கு வந்தாள். சோதனை மேசையில் வேலை. பணி நியமனக் கடிதத்தை நீட்டி, எங்கே கையெழுத்து என்று பென்சிலால் குறித்துக் காட்டினேன். பத்தொன்பது ஆண்டுகளில் இந்தக் கடிதத்தை இருநூறு பேருக்காவது நீட்டியிருப்பேன். எல்லோரும் குறித்த இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள், இரண்டு நிமிடம் ஆகும்.

பவானி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். பேக்கிங் பக்கம் போகிற வழியில் அமுதா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, சீக்கிரம் போடு என்று கையால் சைகை காட்டினாள். அவள் கவனிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“ஆன்ட்டி, ‘தேவைப்பட்டால் கூடுதல் நேரம் பணிபுரிய வேண்டும்’னு இருக்கு. யாருக்குத் தேவைப்பட்டா?”

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.  கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்துவிட்டார். ‘தொழிலாளர் சம்மதித்தால்’ என்று நான் சேர்த்தேன். பக்கத்தில் அவர் சுருக்கொப்பம் இட்டார். திரும்பி வந்து பவானியிடம் கொடுத்தேன். அவள் சேர்த்த வரியையும் படித்தாள், மிச்சம் இருந்த இரண்டு பக்கத்தையும் படித்தாள். ஒன்பது முப்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

மற்ற அறுபத்து மூன்று கடிதங்களையும் மறுநாள் அலமாரியிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன்.